பஸ்மினாவின் மூச்சில் தூற்றிய நெல்

டீசல் கிடைக்காமல் போன வருடத்துச் சிறுபோக நெல்லில் பாதி, கல்முனைக் கடற்கரை மாடிவீடுகளில் இரண்டாம் மாடியில் இருந்த எட்டு மாதக் குழந்தை பஸ்மினாவின் மூச்சுக்காற்றில்தான் தூற்றப்பட்டது. மீதிப் பாதி பதரோடு கிடந்தது. அந்த வருடம் நெல் வெட்டும் மெஷின்கள் நாவிதன்வெளி வயல்களில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அவற்றின் மேல் கொக்குகள் குடியேறின, யாரும் துரத்தவில்லை. ஆட்கள் மறந்துபோன தாக்கத்திகளைத் தேடி எடுத்துத் தீட்டி வெட்டினார்கள், மாடு விட்டு மிதித்தார்கள். அதுவரைக்கும் சமாளித்துவிட்டார்கள். தூற்றுவதற்குத்தான் காற்று இல்லை. வருடம் தவறாமல் மேற்கே இருந்து வந்து ஊரின் உதடுகளை வெடிக்கவைக்கும் கச்சான் காற்று அந்த வருடம் வரவில்லை. கடலிலும் காற்று இல்லை; தோணிக் கொடிகள் கம்போடு ஒட்டிக் கிடந்தன. கச்சானும் எங்கேயோ வரிசையில் நிற்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் பிழையில்லை, அப்போது எல்லாமே வரிசையில்தான் நின்றன.

பஸ்மினாவின் தாய் ஸம்ஸியா காற்றுக்காக எதையும் செய்தவள் அல்ல. அவள் செய்தது சமையல். அந்த மாடிவீடுகள் சுனாமிக்குப் பிறகு எழும்பியவை. கட்டிக்கொடுத்தவர்கள் குசினியில் கேஸ் அடுப்பு வைக்க வழுவழுப்பான மேடை போட்டார்கள், புகைபோக்கி வைக்கவில்லை. கேஸுக்குப் புகை இல்லை, பிறகு எதற்குப் புகைபோக்கி என்பது அவர்கள் நியாயம். கேஸ் இல்லாத காலம் ஒன்று வரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது வந்தபோது ஸம்ஸியா அந்த மேடையிலேயே மூன்று கல் வைத்துத் தேங்காய் மட்டையை எரித்தாள், மீன்பெட்டிப் பலகையை எரித்தாள், கடைசியில் அலுமாரிக் கதவையும் எரித்தாள். புகை, போக வழி தெரியாமல் இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. கணவனின் தம்பி குடும்பமும் வாடகை வீட்டை விட்டு அங்கேதான் வந்திருந்தது. பாய் விரிக்க இடமில்லாத வீட்டில் புகைக்கும் ஒரு மூலை ஒதுக்கினார்கள். தாய்ப்பால் போதாது என்று ஊர்வாய் சொல்லிச் சொல்லிக் குழந்தைக்கு மாப்பால் பழக்கியிருந்தார்கள். பால்மாவும் கடைகளில் இல்லாமல் போக, பஸ்மினாவின் போத்தலில் கஞ்சித் தண்ணீர் ஏறியது. குழந்தை இளைத்தாள். பிறகு இருமினாள். பிறகு ஒரு நாள் காலையில் வாசல் திரைச்சீலை தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

ஸம்ஸியா முதலில் கச்சான் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். யன்னலால் எட்டிப் பார்த்தாள். தென்னோலை ஒன்றும் ஆடவில்லை. திரும்பி, பிள்ளை கிடந்த ஏணைத் தொட்டிலைப் பார்த்தபோது, பிள்ளையின் நெஞ்சு எழும்பும் நேரம் திரைச்சீலை உள்ளே வருவதும், தாழும் நேரம் வெளியே போவதும் தெரிந்தது. கலண்டர் தாள்கள் படபடத்தன. முற்பகலுக்குள் காற்று யன்னலைத் தாண்டிக் கீழே மாடிவீடுகளுக்கு நடுவே இருந்த வெறுநிலத்தை எட்டியது. அங்கே கோழிகள் இறகை விரித்து நின்று சுகம் கண்டன. பெற்றோல் செட் வரிசையில் மூன்று இரவு தூங்கிவிட்டு வெறும் தாங்கியோடு ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்த அவள் கணவன் அப்துல் கபூர், வீட்டின் கீழே வந்ததும் வேர்வை ஆறுவதை உணர்ந்து, தன் யன்னலை அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு காலமும் கொழும்புக் காசில் யாராவது ஏசி பூட்டினால்தான் அந்த மாடியில் குளிர் காற்று வரும் என்று நம்பியிருந்தவன் அவன்.

செய்தி பக்கீர் முகைதீன் போடியாரிடம் அன்றே போனது. அவருக்கு நாவிதன்வெளியிலும் வீரமுனைக்கு அப்பாலும் வயல் இருந்தது. மிதித்த நெல் முழுவதும் தூற்றப்படாமல் குவிந்து கிடந்தது, அடுத்த மழை வந்தால் முளைத்துவிடும். அவர் மடியில் ஒரு பிடி நெல்லைக் கட்டிக்கொண்டு வந்து, யன்னலுக்கு நேர் கீழே நின்று, கையை உயர்த்தி விரலிடுக்கால் விட்டுப் பார்த்தார். நெல்மணி காலடியில் விழுந்தது, பதர் பறந்து மதிலோரம் போய்ப் படிந்தது. போடியார் இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். மறுநாள் விடிய மாட்டுவண்டிகள் வரத் தொடங்கின. மாடிவீட்டு வெறுநிலத்தைச் செதுக்கிச் சாணம் மெழுகி நெல் தூற்றும் களவெட்டி ஆக்கினார்கள். சுளகுக்காரர்கள் முக்காலிகளில் ஏறி நின்றார்கள். பிள்ளையின் காற்று உள்ளுக்கும் போகும், வெளியிலும் வரும் என்பதால் தூற்றுவதற்குப் புதிய பக்குவம் வேண்டியிருந்தது; உள்ளே இழுக்கும்போது சுளகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே விடும்போது சாய்க்க வேண்டும். அரை நாளில் பழகிவிட்டார்கள். கச்சானை விட இது நல்லம், கச்சான் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாது என்றார்கள். கொஞ்சம் அவசரக் காற்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் அவர்களுடைய ஒரே குறை. அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. களவெட்டியில் குறை, நோய், இல்லை, முடிந்தது என்ற சொற்களை உச்சரிக்கக் கூடாது. முஸ்லிம் போடியாராக இருந்தாலும் தமிழ்ப் போடியாராக இருந்தாலும் அந்தக் கரையில் இதற்கு ஒரே சட்டம். நெற்குவியலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் காத்து நிற்பார்கள், அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் குவியலை அள்ளிப் போய்விடுவார்கள். ஆகவே சாக்கு தீர்ந்துபோனால் சாக்கு பொலிந்துவிட்டது என்பார்கள், தண்ணீர் இல்லாவிட்டால் குடம் பொலிந்துவிட்டது என்பார்கள். மெஷின் வந்த பிறகு இந்தச் சட்டம் தூங்கிக் கிடந்தது. மெஷின் போனதும் எழும்பிவிட்டது. இப்போது அது ஸம்ஸியாவின் யன்னல்வரை ஏறியிருந்தது, ஏனென்றால் காற்று வரும் இடமும் களவெட்டியைச் சேர்ந்ததுதான் என்று போடியார் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"புள்ளைக்கி மூச்சு முட்டுது. பால் குடிக்கிறல்ல. நெஞ்சு குழி உழுகுது, வந்து பாருங்க" என்று இரண்டாம் நாள் ஸம்ஸியா யன்னலால் சொன்னபோது, கீழே நின்ற அத்தனை பேரும் சுளகால் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

போடியார் மட்டும் படியேறி வந்தார். கெட்ட மனிதர் அல்ல. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, ஸலாம் சொல்லி, தலை குனிந்துதான் நின்றார். "மகள், களவெட்டியில அப்பிடிச் செல்லப்படாது. மூச்சு பொலியுது எண்டு செல்லுங்க. ஊருக்கே சோறு, இரணம் எல்லாம் உங்கட ஏணையில இருந்துதான் வருது" என்றார்.

"அவ செல்லுறத எடுக்காதீங்க போடியார். பயந்த புள்ள" என்றான் அப்துல் கபூர். அவனுக்கும் அதற்குள் ஒரு சுளகு கிடைத்திருந்தது. பிழைப்பில்லாமல் வரிசைகளில் நின்று நின்று யாருக்கும் தேவையில்லாதவனாகிப் போனவனை இப்போது ஊர் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றது, முக்காலியில் முதலிடம் தந்தது. அவன் மகளை நேசித்தான், அதில் சந்தேகம் இல்லை. தினமும் தூற்றி முடிந்ததும் ஏணையடியில் உட்கார்ந்து அவளுடைய உள்ளங்காலை முத்தமிடுவான். கால் சுடுகிறது என்பதைக்கூடக் கவனித்தான். பரக்கத்தும் அருளும் உள்ள பிள்ளைக்குச் சூடு இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆம்பிளைகளுக்கு நாலு பேர் மதித்துவிட்டால் போதும், கண் இருந்தும் தெரியாது.

போடியார் நன்றி மறப்பவர் அல்ல என்பதால் ஒரு வண்டி விறகு அனுப்பினார். பச்சை விறகு. அதை எரித்த அன்று வீட்டுக்குள் ஆளை ஆள் தெரியவில்லை, அன்று பின்னேரம் காற்று இரண்டு மடங்காகியது. போடியார் இதைக் கூர்ந்து பார்த்து, விறகு கூடினால் காற்று கூடுகிறது என்று கண்டுபிடித்து, இன்னொரு வண்டி அனுப்பினார். பறந்த தூசியில் பாதியைப் பிள்ளையின் மூச்சே திரும்ப உள்ளே இழுத்தது. ஏணைத் துணியில் பதர் படிந்திருந்தது. நாலாம் நாள், பஸ்மினா மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டுச் சுவர்கள் ஒரு சாண் உள்ளே குழிந்து மீளத் தொடங்கின. மாடிவீடுகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, சீமெந்து வந்ததும் பூசிவிடலாம் என்றார். பள்ளிவாசல் மௌலவி வந்தார். அவருக்கு விஷயம் விளங்கியது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நடுக்களவெட்டியில் நின்று நோய் என்ற சொல்லையும் ஆஸ்பத்திரி என்ற சொல்லையும் சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, துஆ ஓதிவிட்டுப் போனார். போடியார் அவருக்கு ஒரு மூட்டை தூற்றிய நெல் கொடுத்தனுப்பினார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கீழ்வீட்டு ஸம்றா மேலே வந்தாள். மாரிக்குப் பிறகு அவள் யார் வீட்டுக்கும் போனதில்லை. வந்தவள் உட்காரவில்லை, உள்ளே குழியும் சுவரில் கையை வைத்து, அது மீளும்வரை நின்றாள்.

"எண்ட புள்ள றிப்திக்கும் இப்பிடித்தான் ராத்தா" என்றாள். "உங்கட புள்ளைட துணியெல்லாம் எங்கட வாசல்லதான காயப் போட்ட."

ஸம்ஸியாவுக்கு நினைவிருந்தது. போன மாரியில் கடல் நாறி, கூரையெல்லாம் ஒழுகி, ஒரு துண்டுத் துணியும் காயாத நாட்களில் ஸம்றா வீட்டு வாசலில் மட்டும் ஒரு காற்று அடித்தது. எல்லாரும் கயிறு கட்டினார்கள். பிறந்து சில நாளேயான பஸ்மினாவின் துணிகளை ஸம்ஸியாவும் அங்கேதான் போட்டாள். ஒரு பகல் காற்று நின்றது. எல்லாரும் துணிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று பின்னேரம்தான் சின்ன மய்யித்து ஒன்று அந்த வீட்டிலிருந்து அடக்கத்துக்குப் போனது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"காத்து நிண்ட ஒடன எனக்குச் சந்தோசம்" என்றாள் ஸம்றா. "புள்ளைக்கி சுகம் வந்திட்டு எண்டு நெனச்சன். சோத்தையும் வடிச்சிப் போட்டுத்தான் போய்ப் பாத்த."

ஸம்ஸியாவுக்குத் தன் பிள்ளையின் நாப்கின் அந்த மூச்சில் காய்ந்த வாசம் மூக்கில் வந்து நின்றது. அவள் பஸ்மினாவை ஏணையிலிருந்து தூக்கித் துவாயில் சுற்றி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவளோடு காற்றும் இறங்கியது. மேலேயிருந்து வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று படிக்கட்டு வாசலால் வரவே, சுளகுக்காரர்கள் முக்காலியோடு திசை திரும்ப வேண்டியதாயிற்று. போடியார் குறுக்கே வந்தார். "இன்னும் ஒரு குவியல்தான் மகள். மக்ரிபு தொழுகைக்கு முதல் தூத்திப் போடுவம். மறுகா எங்க வேணுமெண்டாலும் போங்க" என்றார், கெஞ்சும் குரலில்.

ஸம்ஸியா நேரே நெற்குவியலின் மேல் ஏறினாள். கால் முழங்கால்வரை நெல்லில் புதைந்தது. ஊர் முழுக்க நாலு நாளாக விழுங்கிவைத்திருந்த சொற்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள்.

"எண்ட புள்ளைக்கி வருத்தம். புள்ள கொறஞ்சி கொறஞ்சி போறா. அவட ஒடம்புல ஒண்டும் இல்ல. இப்பிடியே உட்டா முடிஞ்சிடும். மவுத்தாகிடும். கேட்டுக்கங்க எல்லாரும்."

குவியல் ஒரு முழம் தாழ்ந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அந்த நேரம் பஸ்மினாவின் மூச்சு ஒன்று தவறியது. அப்துல் கபூர் அப்போதுதான் சுளகைச் சாய்த்திருந்தான். காற்று வரவில்லை, நெல்லும் பதரும் ஒன்றாகச் செங்குத்தாக விழுந்து அவனுடைய பாதங்களை மூடின. அவன் தன் கால்களைப் பார்த்தான். பிறகு சுளகைப் போட்டுவிட்டு ஓட்டோவை நோக்கி ஓடினான்.

ஓட்டோவில் ஒரு சொட்டுப் பெற்றோல் இருக்கவில்லை. ஸம்ஸியா பிள்ளையோடு பின்னால் ஏறியதும், ஸம்றா தன் வீட்டுப் படுக்கை விரிப்பை எடுத்து வந்து முன்கண்ணாடிக்குக் குறுக்கே கட்டினாள். வண்டி அசைந்தது. பஸ்மினா மூச்சு விடும்போது முன்னே போனது, மூச்சு இழுக்கும்போது கொஞ்சம் பின்னே வந்தது, ஆனாலும் மொத்தத்தில் முன்னேதான் போனது. பெற்றோல் செட்டைக் கடக்கும்போது வரிசையில் நின்றவர்கள் அவன் வரிசை தாண்டுவதாக நினைத்து ஏசினார்கள். பெற்றோல் இல்லாமல் ஓடுகிறான் என்று தெரிந்ததும் இன்னும் கூட ஏசினார்கள். பிரதான வீதிக்கு வந்தபோது வண்டி தளரத் தொடங்கியது. விரிப்பு முதலில் தொய்ந்தது, பிறகு சுருங்கியது. ஸம்ஸியா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உதடு நாவற்பழம் தின்றது போல் கறுத்திருந்தது. அப்துல் கபூர் குதித்து இறங்கித் தள்ளினான். அழுதுகொண்டே தள்ளினான். வரிசையில் நின்று ஏசியவர்களில் சிலர் ஓடிவந்து கூடத் தள்ளினார்கள், அவர்களுக்கு அந்த மாதங்களில் வாகனம் தள்ளுவது நல்ல பழக்கம்.

ஆஸ்பத்திரியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சிறுவர் வார்டில் ஒவ்வொரு தாளின் மேலும் ஒவ்வொரு கல் வைத்திருந்தார்கள், யன்னல் திரைகளைக் கீழே முடிந்திருந்தார்கள். அங்கே வேறு பிள்ளைகளும் காற்று வீசிக்கொண்டிருந்தார்கள். வினாயகபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்றின் காற்று உப்பு வாசமாக வந்தது. டொக்டர் சர்மினி தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பஸ்மினாவின் நெஞ்சைப் பார்த்தாள்.

"நிமோனியா" என்றாள். "புகையும் நல்லாக் குடிச்சிருக்கு. இன்னும் வெள்ளன கொண்டு வந்திருக்கலாமே அம்மா."

களவெட்டி என்ற பதிலை அந்த வார்டில் சொல்ல ஸம்ஸியாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒட்சிசன் குழாய் வைத்தார்கள், ஊசி ஏற்றினார்கள். அடுத்த நாள் போடியாரின் ஆட்கள் மிச்ச நெல்லோடு வார்டு யன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். காவலாளி விடவில்லை, பிறகு கேட்டுக் கேட்டு, நோயாளர் பார்க்கும் நேரத்தில் மட்டும் தூற்றலாம் என்றார். அந்த நேரத்தில் தூற்றினார்கள். அப்துல் கபூர் அவர்கள் பக்கம் போகவில்லை, வார்டு வாசலில் நிலத்தில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஸம்ஸியா குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே சுளகுகளின் சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வார்டுத் திரைச்சீலை அசையாமல் தொங்கியது. வார்டு யன்னலுக்கு வெளியே ஆட்கள் சுளகைத் தாழ்த்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். இன்னொரு தரம் கழுவினாள். உள்ளே போய்ப் பார்க்காதவரைக்கும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், போய்ப் பார்த்தால் ஒன்றுதான். அவள் அந்தக் குழாயடியிலேயே கிழவியாகிவிடத் தயாராக இருந்தாள். அப்போது உள்ளேயிருந்து ஓர் அழுகை வந்தது. கோபமான, பசித்த, காதைத் துளைக்கும் அழுகை. ஸம்ஸியா கோப்பையும் கையுமாக ஓடினாள். பஸ்மினா மூக்குக் குழாயை ஒரு கையால் பிடுங்கிக்கொண்டு, மறு கையால் வெறும் காற்றைப் பிறாண்டிக்கொண்டு பால் கேட்டாள். ஸம்ஸியா கோப்பையைக் கட்டிலடியில் போட்டுவிட்டு அவளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இனி இந்தப் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் இல்லை, ஊர் என்ன சொன்னாலும் இல்லை என்று அழுகைக்கு நடுவே தீர்மானித்தாள்.

பக்கீர் முகைதீன் போடியார் வார்டுக்குள் வந்தார். கட்டிலடியில் நின்று பிள்ளையின் மூக்குக்கு நேரே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். ஒரு நூலைக்கூட அசைக்காத சிறு சூடு. அவர் நீண்ட நேரம் கையை எடுக்கவில்லை. யன்னலுக்கு வெளியே அவருடைய பாதி நெல் பதரோடு கிடந்தது.

"இனி இவ்வளவுதானா டொக்டர்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு காத்துப் போதும்" என்றாள் சர்மினி.

போடியார் தலையாட்டினார். வெளியே போகும்போது, கட்டில் காலடியில் கிடந்த ஸம்ஸியாவின் கோப்பையைக் குனிந்து எடுத்து, தன் இடுப்புச் சாரத்தால் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் ஊர்ச் சோற்றில் பதர் கிடந்தது. பல்லில் கடிபட்டால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அப்துல் கபூர் குசினிச் சுவரில் இரும்பு அலவாங்கால் ஒரு ஓட்டை போட்டான். உத்தியோகத்தர் வந்து அனுமதி இல்லாமல் உடைத்ததாகச் சொன்னார், புகை அவரைத் தாண்டி வெளியே போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோல் வந்தது, கேஸ் வந்தது, மெஷின்களின் மேலிருந்த கொக்குகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. பிறகு மாரி பிடித்தது. மழை விடாமல் பெய்த ஒரு காலையில் மருதமுனைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் காற்று அடிப்பதாகச் செய்தி வந்தது. பெண்கள் ஈரத்துணி மூட்டைகளோடும் கயிறுகளோடும் புறப்பட்டுப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. கல்முனையிலிருந்து ஓட்டோ ஒன்றில் ஸம்றா என்றொருத்தி வந்து, தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெண்கள் கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றார்கள். பிறகு துணிகளைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போய், வெயில் வரும்வரை வைத்திருந்தார்கள்.